அம்மாவின் சீதனக் காணியில் எனக்குப் பங்கு இல்லையா? கொக்குவில் வீடு, கனடாக் குடியுரிமை, அண்ணா அனுப்பிய உறுதி

புளியடி வளவு (ஸ்காபரோ) கேட்டது:

வணக்கம். இதை எழுத மூன்று வாரம் யோசித்தேன். வீட்டுக்குள் இருக்க வேண்டிய கதையை வெளியில் வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்க எனக்கு வேறு ஆட்கள் இல்லை.

எனக்கு 54 வயது. 1993இல் கனடா வந்தேன். கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இரட்டைக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. கணவர் மட்டக்களப்பு. ரொறன்ரோவில்தான் சந்தித்தோம், 1996இல் கலியாணம்.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் கொக்குவிலில். நாலு பரப்புக் காணியும் வீடும், 1966இல் அம்மாவின் கலியாணத்துக்கு அம்மப்பா சீதனமாக எழுதியது. பக்கத்தில் இரண்டு பரப்பு, அப்பா 1979இல் தன் சம்பளக் காசில் வாங்கியது. அப்பா 2013இல் காலமானார். அம்மா போன வருடம் தை மாதம். இருவரும் மரணசாதனம் (உயில்) எதுவும் எழுதி வைக்கவில்லை.

பிள்ளைகள் நாலு பேர். அண்ணா அந்த வீட்டிலேயே இருக்கிறார். அடுத்தது நான். தங்கச்சி லண்டனில். தம்பி 2011இல் பாரிஸில் இறந்துவிட்டான். அவனுடைய மகனுக்கு இப்போது 16 வயது.

போன மாதம் அண்ணா வட்ஸ்அப்பில் ஒரு உறுதியின் (காணிப் பத்திரத்தின்) நகலை அனுப்பினார். நானும் தங்கச்சியும் தம்பியின் மனைவியும் எங்கள் உரிமை முழுவதையும் அவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது. தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பட்டாம். ஏன் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கையில் காணி வைத்திருக்க முடியாது. சீதனம் வாங்கிய பெண்களுக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, தாய் தகப்பனின் காணியில் பங்கு இல்லை. எனக்கு இணுவிலில் ஒன்றரைப் பரப்பு, தங்கச்சிக்குக் கோண்டாவிலில் இரண்டு பரப்பு கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது, அவர் இருபது வருடத்துக்கு மேல் ஆட்சியில் இருக்கிறார், பத்து வருடம் இருந்தாலே காணி சொந்தமாம்.

அண்ணாவைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்குப் பயந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அம்மாவின் மடியில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் பொலித்தீன் சுற்றிய உறுதிகள். கடைசி ஆறு வருடம் அம்மாவைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டிப் பார்த்ததும் அவரும் மச்சாளும்தான். நான் மாதாமாதம் காசு அனுப்பினேன். காசு அனுப்புவதும் தூக்கி இருத்துவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "உனக்கு அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்பது தாங்க முடியவில்லை. அந்த மூன்று காரணமும் உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவகத்துப் பழையவர் (யாழ்ப்பாணம்) எழுதியது:

தங்கச்சி, நான் சட்டத்தரணி இல்லை. காணிப் பதிவகத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்களுடையதைப் போன்ற உறுதிகள் ஆயிரக்கணக்கில் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன், பிறகு நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

முதல் காரணம் பிழை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது, அது உண்மை. ஆனால் மரணசாதனம் இல்லாமல் இறந்த ஒருவரின் காணி நெருங்கிய உரித்தாளருக்கு வருவதை அதே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. நீங்கள் கொக்குவிலில் இன்னொருவரின் காணியை விலைக்கு வாங்கப் போனால்தான் தடை. அம்மாவிடமிருந்து வருவதற்கு இல்லை.

மூன்றாவதும் நிற்காது. போன வருடம் தை வரை அந்த நாலு பரப்பும் அம்மாவின் சொந்தம். தாயின் வீட்டில் தாயோடு இருந்த மகன் தாயின் சம்மதத்தில் இருந்தவர், அது எதிராட்சி (சொந்தக்காரருக்கு எதிராக வைத்திருப்பது) ஆகாது. அம்மா போன பிறகு நீங்கள் எல்லோரும் பங்காளிகள். பங்காளி ஒருவர் காணியில் இருந்தால் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்றே சட்டம் எடுக்கும். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி, இது என்னுடையது மட்டும் என்று நின்று, அதன் பிறகு பத்து வருடம் போக வேண்டும். இது 1911இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ந்த விஷயம். ஆனால் இதை நம்பி இன்னும் முப்பது வருடம் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அவ்வளவு காலம் போனால் நீதிமன்றம் வேறு மாதிரியும் ஊகிக்கலாம்.

இரண்டாவது காரணம்தான் உங்கள் அண்ணாவின் கையில் இருக்கும் ஒரே நல்ல காரணம். பழைய தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆண் பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு என்று பிரிந்து போகும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுதி வைத்தது அது, 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பிறகு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமை வழிக் கட்டளைச் சட்டம் வந்தது, 1947இல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஆண் பெண் என்று பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சமனாகப் போகும். இறந்த பிள்ளையின் இடத்தில் அவருடைய பிள்ளை நிற்கும், ஆகவே உங்கள் தம்பியின் மகனுக்கும் கால் பங்கு. ஆனால் பெற்றோர் சீதனம் கொடுத்து அனுப்பிய மகள், அவர்களின் மற்ற ஆதனத்தில் பங்கு கேட்க முடியாது என்ற பழைய விதியை வைத்து இன்றைக்கும் வழக்காடுகிறார்கள்.

அதனால் ஒரு கேள்வி. உங்களுக்கு இணுவிலில் எழுதிய உறுதியின் தலைப்பில் என்ன இருக்கிறது? "சீதன உறுதி" என்றா, "நன்கொடை உறுதி" என்றா? எழுதியவர் யார்? அதைப் பார்க்காமல் அண்ணாவோடு ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

இன்னொன்று. 16 வயதுப் பிள்ளையின் காணிப் பங்கைத் தாய் கையெழுத்து வைத்து விட்டுக்கொடுக்க முடியாது, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த ஒரு வரியை வைத்தே சொல்கிறேன், உங்களுக்கு வந்த உறுதியைக் கவனமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

வடலியடைப்பு (ஹரோ) எழுதியது:

அக்கா, ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா 2008இல் ஊரில் இருந்த ஒரு சொந்தக்காரருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தார். வேலி அடைக்க, வரி கட்டத்தான். ஆனால் எழுதியவர் வழக்கமான படிவத்தில் "விற்க, ஈடு வைக்க, நன்கொடை செய்ய" எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். அப்பா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். 2014இல் அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் காலமானார். அடுத்த வருடம் அந்தக் காணி விற்கப்பட்டிருக்கிறது, அதே தத்துவத்தை வைத்து. கொடுத்தவர் இறந்த கணமே அற்றோணித் தத்துவமும் இறந்துவிடும். அது வாங்கினவருக்குத் தெரியாது, அப்பா இறந்தது உறுதி எழுதிய நொத்தாரிசுக்குத் தெரியாது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாங்கினவரும் பாவம், வீடு கட்டிக் குடியிருக்கிறார்.

நீங்கள் போய்வர முடியாது என்று யாருக்காவது தத்துவம் கொடுப்பதாக இருந்தால், எந்தக் காணி, எந்த வேலை, எவ்வளவு காலம் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால் அந்தச் சொல்லையே எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எழுத்தில் இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதியுங்கள். அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இதை யாருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புளியடி வளவு எழுதியது:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய சூட்கேஸை இறக்கினேன். 1993இல் நான் கொண்டுவந்தது. அடியில் ஒரு மஞ்சள் கடித உறை. முப்பது வருடத்துக்கு மேல் என்னிடம் இருந்திருக்கிறது, நான் ஒரு தடவையும் முழுதாக வாசித்ததில்லை.

தலைப்பு "நன்கொடை உறுதி". எழுதியது அப்பா இல்லை, மாமி. அப்பாவின் அக்கா, கலியாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். 1992 ஆவணி. "எனது சகோதரனின் மகளாகிய இன்னார் மேல் எனக்குள்ள அன்பினாலும் பட்சத்தினாலும்" என்று தொடங்குகிறது. பிறகு கிழக்கு ஒழுங்கை, வடக்கு வாய்க்கால் என்று எல்லைகள். "இவ்வெல்லைகளுக்குட்பட்ட நிலமும் பனை, பயிர்கொடி முதலிய சகலதும், பங்குக் கிணறும், நீர்வரும் வழிவாய்க்கால் உரித்தும்." கடைசியில், தன் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, தனக்கு வைத்துக்கொள்வதாக ஒரு வரி. கீழே மாமியின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

சின்ன வயதிலிருந்து எல்லோரும் "உன்ர சீதனம்" என்றுதான் அந்தக் காணியைச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உறுதியில் சீதனம் என்ற சொல்லே இல்லை. எனக்குக் கலியாணம் பேசவும் இல்லை அப்போது.

ஆனால் தங்கச்சியிடம் கேட்டேன். அவளுடையது 1999இல் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதிய சீதன உறுதி. மாப்பிள்ளையின் பெயரும் அதில் இருக்கிறதாம். அப்படியானால் எனக்குப் பங்கு உண்டு, அவளுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? அதை நினைத்தால் நேற்று வந்த நிம்மதியும் போய்விட்டது.

பதிவகத்துப் பழையவர் எழுதியது:

நல்லது தங்கச்சி. பெற்றோர் கலியாணத்தை முன்னிட்டு எழுதிய சீதனம் வேறு, மாமி அன்பில் எழுதிய நன்கொடை வேறு. உங்களைச் சீதனம் வாங்கிய மகள் என்று சொல்லி விலக்குவது கஷ்டம். தங்கச்சியின் நிலை பலவீனமானது, அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பங்காளிகள் சம்மதித்துத் தங்கள் பங்கிலிருந்து அவருக்கு ஏதும் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

உங்கள் கணவர் மட்டக்களப்பு என்றீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட பெண், கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தன் சொந்தக் காணியையே விற்கவோ நன்கொடை செய்யவோ முடியாது. மரணசாதனம் எழுதுவதற்கு மட்டும் அந்தச் சம்மதம் தேவையில்லை. 1911 சட்டத்தின் 6ஆம் பிரிவு இது. டாக்டர்மார், அதிபர்மார் என்று எத்தனையோ பெண்கள் கணவரின் கையெழுத்துக்காக என் மேசைக்கு முன்னால் காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒருநாளும் சரியாகப் படவில்லை. ஆனால் உங்கள் மட்டக்களப்புக் கணவரைப் போல் தேசவழமைக்கு உட்படாத ஆணை மணந்த பெண்ணுக்கு, அந்தத் திருமணம் நீடிக்கும் வரை தேசவழமை பொருந்தாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நீங்கள் உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு கணவரின் சம்மதம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அம்மாவிடமிருந்து உங்களுக்கு வருவது அம்மாவின் சட்டப்படிதான், அதில் மாற்றமில்லை.

அப்பாவின் இரண்டு பரப்பு தேடிய தேட்டம், கலியாணத்துக்குப் பிறகு விலைக்கு வாங்கியது. 2013இல் பாதி அம்மாவுக்கு, பாதி பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அம்மாவின் பாதியும் இப்போது பிள்ளைகளுக்கே.

அண்ணாவின் பக்கத்தையும் பாருங்கள். அவர் வீட்டைத் திருத்தினாரா? பாக வழக்குக்கு (காணியைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு) போனாலும் பங்காளி ஒருவர் செய்த திருத்த வேலைகளுக்கு நீதிமன்றம் பெறுமதி போட்டுக் கொடுக்கும். வழக்குக்குப் போகாமல் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, வீடு இருக்கும் துண்டை அவருக்கு விட்டு, பங்குகளைப் பிரித்து எழுதும் பிரிவிடல் உறுதி முடிப்பதுதான் நான் கண்ட நல்ல முடிவு. பாக வழக்கு போட்ட சகோதரங்கள் பிறகு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டதை நான் அதிகம் கண்டதில்லை. யாரும் தன் பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தாலும் முதலில் பங்காளிகளுக்குத்தான் சொல்ல வேண்டும், அந்த முற்கொள்வனவு உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அது காணியோடு ஒட்டிய உரிமை.

மார்க்கம் கணக்காளர் எழுதியது:

கனடாப் பக்கத்தில் இரண்டு மூன்று விஷயம் மட்டும்.

அம்மாவிடமிருந்து காணி வந்ததற்கு இங்கே மரபுரிமை வரி இல்லை. ஆனால் பிறகு விற்றால் மூலதன இலாபம் வரும். அம்மா காலமான நாளில் அந்தப் பங்கு என்ன பெறுமதியோ அதுதான் உங்கள் அடக்கவிலை, இலாபத்தை அதிலிருந்துதான் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே அந்தத் திகதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை இப்போதே எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து எடுக்கப் போனால் மதிப்பீட்டாளர் ஊகத்தில்தான் எழுதுவார். உங்கள் வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த அடக்கவிலை ஒரு இலட்சம் கனேடிய டொலரைத் தாண்டினால் அவற்றை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் டி1135 படிவம் போட வேண்டும். சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் வீடு அதில் சேராது. வாடகை வந்தால் சேரும். இணுவில் காணியையும் மறக்க வேண்டாம்.

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குக் கதை வேறு. 2025 ஏப்ரல் 6 முதல் அங்கே, கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு வசித்தவரின் உலகம் முழுவதும் உள்ள சொத்தும் அவர் இறக்கும்போது மரபுரிமை வரிக் கணக்கில் வரும். 325,000 பவுணுக்கு மேல் 40 வீதம் என்பது பொது அளவு. ஊர்க் காணியையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மரணசாதனம். ஒன்ராறியோவில் இரண்டு சாட்சியோடு எழுதியிருப்பீர்கள். இலங்கைக் காணிக்கு 1840ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. ஊர்க் காணிக்கு மட்டும் ஐந்து சாட்சியோடு தனி மரணசாதனம் ஒன்று எழுதுவது பாதுகாப்பு. அதில் "முன்பு எழுதிய எல்லாவற்றையும் இரத்துச் செய்கிறேன்" என்ற வழக்கமான வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள், கனடாவில் எழுதியது அதோடு போய்விடும்.

புளியடி வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை அண்ணாவோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தேன். சட்டம் எதுவும் முதலில் சொல்லவில்லை. மாமியின் உறுதியை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். "அன்பினாலும் பட்சத்தினாலும்" என்ற இடத்தில் அண்ணா நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமியா எழுதினவ? அப்பா எழுதினதெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன்" என்றார். மாமி 2000இல் அவர் கையிலிருந்துதான் கடைசித் தண்ணீர் குடித்தார். அந்தக் கதைக்குப் போய்விட்டோம்.

அந்த உறுதியை எழுதச் சொன்னது தன் யோசனை இல்லை என்றும் சொன்னார். யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர் ஒருநாள் வந்து வீட்டை விற்று உங்களைத் தெருவில் விடுவார்கள் என்று. அண்ணா அந்தப் பயத்தோடு ஒரு வருடம் படுத்திருக்கிறார். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்த நானும் தங்கச்சியும் காணியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பியது மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு அது வேறு மாதிரிப் பட்டிருக்கிறது.

இப்போதைக்கு முடிவு இதுதான். வீடும் கிணறும் உள்ள துண்டு அண்ணாவுக்கு. 2012இல் அவர் போட்ட ஓட்டுக்கும் புது மதிலுக்கும் கணக்குப் பார்த்துக் கழிப்பது. ஒழுங்கைப் பக்கத் துண்டு தம்பியின் மகனுக்கு. அவனுக்கு 18 ஆகும்வரை காத்திருந்து அதன் பிறகு பிரிவிடல் உறுதி முடிப்போம், பிள்ளையின் பங்குக்காக இப்போதே நீதிமன்றம் ஏற வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் பங்காளிகள் என்று ஒரு கடதாசி எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்திருப்போம். தங்கச்சிக்கு என் பங்கில் பாதி கொடுக்கப் போகிறேன். அவளிடம் சொன்னதும் போனை மேசையில் வைத்துவிட்டு அழுதாள், அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

வாற வெள்ளிக்கிழமை நில அளவையாளர் வருகிறார். மேற்கு எல்லைப் புளி ஷெல் விழுந்து போய்விட்டது, அடிக்கட்டை மட்டும் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதாம். அண்ணா நேற்றே மண்வெட்டியோடு போய்ச் சுற்றிவரக் கிண்டி வைத்துவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறார்.